வளர்த்த கழகமும் வயதேறிய பிட்சரும்

2013-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்துப் பாஸ்டன் நகரத்தை ஆனந்தத்தில் ஆழ்த்திய ஜான் லெஸ்டர் என்ற இடக்கைப் பிட்சர், அடுத்த ஜனவரியில், அந்நகரின் ரெட் சாக்ஸ் கழகத்திலேயே தம் ஆட்ட வாழ்க்கையை முடித்துக்கொள்ள விரும்புவதாகவும், அதன் பொருட்டு வெளியில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைந்த ஊதியத்துக்குச் சம்மதிப்பதாகவும் பகிரங்கமாகவே தெரிவித்தார். வசந்த காலத்தில் கழகம் அவர்முன் வைத்ததாகப் பத்திரிகைகள் வெளியிட்ட தொகை நான்கு ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர். ஜூலை 31 அன்று அவர் ஓக்லண்ட் கழகத்துக்கு மாற்றப்பட்டார். டிசம்பரில் சிகாகோ கப்ஸ் கழகம் ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது.

தாம் கண்டெடுத்து, பயிற்றுவித்து, ஜனங்களின் அபிமானத்துக்குப் பாத்திரமாக்கிய ஒரு பிட்சர், முப்பது வயதை எட்டி ஒப்பந்தம் முடியும் தறுவாயில் நிற்கும்போது, அவரை மறுபடியும் அமர்த்திக்கொள்வதா, நன்றி சொல்லி அனுப்பிவிடுவதா என்ற பிரச்சினை அமெரிக்கப் பேஸ்பால் கழகங்களுக்கு ஆண்டுதோறும் வருவது. இதைப் பாசத்துக்கும் கணக்குக்கும் இடையே நடக்கும் போராட்டமாகவே பலரும் வருணிக்கிறார்கள். ரசிகர்கள் பாசத்தின் பக்கமும் நிர்வாகிகள் கணக்கின் பக்கமும் நிற்பதாக ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. இந்தப் பிரிவினை பிழையானது என்பதும், கணக்கைச் சரியாகப் போட்டால் பாசம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி நியாயமான கடனே என்று விளங்கும் என்பதும், அந்தக் கடனைத் தீர்க்க வேண்டிய முறையில்தான் கழகங்கள் தவறுகின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

கிரிக்கெட்டில் பழகிய நம் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் பிட்சரே ஆட்டத்தின் மையம். ஒவ்வொரு நிகழ்ச்சியும் அவர் கையிலிருந்து பந்து புறப்படுவதில்தான் தொடங்குகிறது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர் ஒருவர் ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒரு முறை களம் இறங்குகிறார். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அவருடைய முறை முப்பது, முப்பத்து மூன்று தடவை வரும். முறைக்கு நூறு பந்து என்று கொண்டாலும், ஆண்டொன்றுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட பந்துகளை அந்த ஒரே கை தன் முழு வலிமையுடன் எறிய வேண்டியிருக்கிறது. முழங்கையின் உட்புறத்தில் இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சிறு இணைப்பு நார் ஒன்று அந்த விசையைத் தாங்குகிறது. அது அறுந்துபோவது ஒரு காலத்தில் பிட்சரின் வாழ்க்கைக்கே முடிவாக இருந்தது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு மணிக்கட்டுப் பகுதியிலிருந்து எடுத்த தசைநாணை முழங்கையில் பொருத்திச் சிகிச்சை செய்த பிறகு அந்த நிலைமை மாறியது. ஜான் அதற்குப் பின் 164 வெற்றிகள் பெற்று 1989 வரை ஆடினார். ஆனால் முழங்கைக்குப் பரிகாரம் கிடைத்த அளவுக்குத் தோளுக்குக் கிடைக்கவில்லை. வயதுக்கோ பரிகாரமே இல்லை.

இனிக் கடன் என்ற வார்த்தைக்கு வருவோம். 1975 வரை பேஸ்பால் வீரர் தம் கழகத்தின் உடைமையாகவே கருதப்பட்டார். ஒப்பந்தம் முடிந்தாலும் அவரை வைத்துக்கொள்ளும் உரிமை கழகத்துக்கே இருந்தது. தம்மைச் செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை 1969-இல் ஏற்க மறுத்து வழக்காடிய கர்ட் ஃபிளட், 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். பிறகு, 1975 டிசம்பரில், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்களின் முறையீட்டை விசாரித்த மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் அந்தப் பழைய விலங்கை உடைத்தார். அதைத் தொடர்ந்த உடன்படிக்கையில், பெரிய லீகில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்தவரே தாம் விரும்பிய கழகத்துக்குப் போகலாம் என்ற வரம்பு ஏற்பட்டது. இன்றும் அதுவே சட்டம். பள்ளியை முடித்த பதினெட்டு வயதில் தேர்ந்தெடுக்கப்படும் இளைஞர் நாலைந்து ஆண்டுகள் சிறு லீகுகளில் அற்பக் கூலிக்கு ஆடி, இருபத்திரண்டு வயதில் மேலே வந்து, ஆறு ஆண்டுகளைக் கழித்து, சுதந்திரம் பெறும்போது அவருக்கு இருபத்தெட்டோ முப்பதோ ஆகியிருக்கும். அதாவது, தோளும் முழங்கையும் பூரண யௌவனத்தில் இருந்த காலமெல்லாம் சந்தை விலைக்கு மிகக் கீழே கழகத்துக்குப் போய்விடுகிறது. சந்தை அவருக்குத் திறக்கும் நாளில்தான், "உமக்கு வயதாகிவிட்டதே" என்று அதே கழகம் சொல்கிறது.

லெஸ்டர் விஷயத்தில் இந்த வித்தியாசத்தை எண்களிலேயே காணலாம். வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில் பிறந்த அவரை ரெட் சாக்ஸ் 2002-இல் தேர்ந்தெடுத்தது. 2006-இல் பெரிய லீகுக்கு வந்தார்; அந்த ஆண்டே நிணநீர்ப் புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்று, மறு ஆண்டு ஜூலையில் திரும்பி, அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸை முடித்துவைத்த ஆட்டத்தைத் தொடங்கி வென்றார். 2008 மே 19 அன்று கான்ஸஸ் சிட்டிக்கு எதிராக ஒரு ஹிட்டும் கொடுக்காத ஆட்டத்தை ஃபென்வே பார்க்கில் நிகழ்த்தினார். 2009-இல் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு 3 கோடி டாலர். அதற்குச் சில மாதங்களுக்கு முன் நியூயார்க் யாங்கீஸ் கழகம், சுதந்திரம் பெற்ற சி.சி. சபாத்தியாவுக்கு ஏழு ஆண்டுகளுக்குக் கொடுக்க இசைந்தது 16.1 கோடி. ஆண்டுக்கு 60 லட்சம் ஒருவருக்கு, 2 கோடியே 30 லட்சம் மற்றொருவருக்கு. லெஸ்டர் அந்த ஒப்பந்தத்தைத் தம் இஷ்டப்படியே செய்துகொண்டார் என்பதும், மரணத்தின் அருகே போய் வந்த ஓர் இளைஞருக்கு நிச்சயமான வருமானம் பெரிய ஆறுதல் என்பதும் உண்மை. எனினும், அந்த ஆண்டுகளில் கழகம் அடைந்த லாபம் சாமானியமானதன்று. அந்த லாபத்தின் ஞாபகம்தான் ரசிகர்களின் நெஞ்சில் பாசம் என்ற உருவத்தில் தங்கியிருக்கிறது. அவர்கள் கேட்பது தர்மமன்று, பாக்கி.

ஆனாலும் பாக்கியை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் அபாயம் இருக்கிறது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோ ஜயண்ட்ஸ் கழகத்தின் மேட் கெய்ன் கதையை அறிந்தவர் எவரும் நீண்ட ஒப்பந்தத்தை அலட்சியமாகப் பரிந்துரைக்க மாட்டார். கெய்னும் 2002-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2007 முதல் ஆண்டுதோறும் இருநூறு இன்னிங்ஸுக்குக் குறையாமல் எறிந்தவர். 2010-இல் கழகம் பட்டம் வென்றபோது அக்டோபர் ஆட்டங்களில் இருபத்தோரு இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, தம் கணக்கில் ஓர் ஓட்டமும் விழாமல் காத்தவர். 2012 ஏப்ரலில், அவருக்கு இருபத்தேழே வயதானபோது, 12.75 கோடி டாலருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. வலக்கைப் பிட்சர் எவருக்கும் அதுவரை அவ்வளவு கிடைத்ததில்லை. இரண்டு மாதங்களில், ஜூன் 13 அன்று, எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை மிதிக்க விடாத பூரண ஆட்டத்தை அவர் ஹூஸ்டனுக்கு எதிராக ஆடியபோது, அந்தக் கையெழுத்தின் புத்திசாலித்தனத்தை மெச்சாதவர் இல்லை. அந்த ஆண்டு அவருக்குப் பதினாறு வெற்றிகள். அதற்குப் பிந்திய ஐந்து ஆண்டுகளிலும் சேர்த்துப் பத்தொன்பதே வெற்றிகள். 2014-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. பிறகு பழைய கை திரும்பவே இல்லை. 2017 செப்டம்பர் இறுதியில், தம் ஊர் ஜனங்களின் முன்னே ஐந்து இன்னிங்ஸ் ஓட்டமின்றி எறிந்துவிட்டு, முப்பத்து மூன்று வயது நிரம்புவதற்கு முதல் நாள் அவர் விடைபெற்றார். அவரிடம் உழைப்பில் குறையில்லை, ஒழுக்கத்தில் குறையில்லை. தளர்ந்தது கை ஒன்றே.

ஆக, முப்பதைத் தாண்டியவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பதில்லை என்று ஒரு பொதுவிதி வகுத்துக்கொள்வது விவேகமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பாஸ்டனில் உரிமையாளர் ஜான் ஹென்றிக்கு அத்தகைய தயக்கம் இருந்தது. ஆனால் பொதுவிதி என்பது, எதிரே நிற்கும் மனிதரைப் பற்றி வேறொன்றும் தெரியாதவருக்கே உதவும் சாதனம். வளர்த்த கழகத்துக்கு அவரைப் பற்றி வேறெவருக்கும் தெரியாதவை தெரியும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவருடைய தோளை அழுத்திப் பார்த்த வைத்தியரும், ஆட்டத்துக்கு மறுநாள் அவர் கையைத் தூக்கும்போது முகம் சுளிப்பதைக் கவனித்த பயிற்சியாளரும், தோல்விக்குப் பின் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அறிந்த மேலாளரும் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய பிரசித்தி பெற்ற கட்டுரையில், பழைய மோட்டார் கார்களின் சந்தையைக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். விற்பவருக்குப் பொருளின் குறை தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்குமானால், குறையுள்ள பொருள்களே சந்தைக்கு அதிகமாக வந்து சேரும் என்பது அதன் சாரம். 1984-இல் கென்னத் லேன் என்பவர் இதே சிந்தனையைப் பேஸ்பாலுக்குப் பிரயோகித்து ஆராய்ந்து, சுதந்திரம் பெற்ற வீரர்களில் பழைய கழகத்தோடு மறுபடி ஒப்பந்தம் செய்துகொண்டவர்களைவிட, வேறு கழகத்துக்குப் போனவர்களே காயத்தால் அதிக நாட்கள் ஆடாமல் இருந்தார்கள் என்று கண்டார். கழகங்கள் தங்கள் அந்தரங்க அறிவைப் பயன்படுத்துகின்றன என்பதற்கு இது அடையாளம். இவரை வைத்துக்கொள்ளலாம், இவரை விட்டுவிடலாம் என்று பிரித்தறியும் சக்தி அவர்களிடம் உண்டு.

அந்தச் சக்தி நன்றாகச் செயல்பட்டதற்கு உதாரணம் மேடிஸன் பம்கார்னர். ஜயண்ட்ஸ் மூன்று பட்டங்களை வென்ற காலத்தின் செல்லப் பிள்ளை அவர். 2014 வேர்ல்ட் சீரிஸில், அவர் ஏறக்குறையத் தனியொருவராகவே எதிரணியை அடக்கியதைப் பார்த்தவர்கள் அதை ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டார்கள். ஆனால் 2017 ஏப்ரலில் மோட்டார் சைக்கிள் விபத்தில் எறியும் தோளிலேயே அவருக்குக் காயம் பட்டது. 2019-இன் இறுதியில், ஓராண்டுக்கான வழக்கமான வாய்ப்பை முன்வைத்து, அதை அவர் மறுக்கவே, கழகம் அவரைப் போகவிட்டது. அரிஸோனா கழகம் ஐந்து ஆண்டுகளுக்கு 8.5 கோடி டாலர் கொடுத்தது. அதில் ஓராண்டுக்கு மேல் எஞ்சியிருக்கும்போதே, 2023 ஏப்ரலில், அவரை விடுவித்துவிட்டது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோ ரசிகர்கள் அன்று பட்ட துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்தத் தீர்மானம் சரியானது.

பாஸ்டன் செய்தது இதற்கு நேர்மாறு. 2008 முதல் 2013 வரை ஒவ்வோர் ஆண்டும் முப்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் தொடங்கிய, கையில் பெரிய காயமே கண்டிராத ஒரு பிட்சரைப் பற்றி அந்தக் கழகத்துக்கு இருந்த விசேஷ அறிவு முழுவதும் அவருக்குச் சாதகமாகவே இருந்திருக்க வேண்டும். அதை ஒதுக்கிவிட்டு, வயது என்ற பொதுவிதியைப் பற்றிக்கொண்டார்கள். அவர் தாமாகவே விட்டுக்கொடுக்க முன்வந்ததைப் பேரத்தின் ஆரம்பமாக எடுத்துக்கொண்டார்கள். டிசம்பரில் அவர்கள் ஆறு ஆண்டுகளுக்கு 13.5 கோடி வரை ஏறி வந்ததாகத் தெரிகிறது. மார்ச்சில் அதற்குக் கணிசமாகக் குறைந்த தொகையிலேயே காரியம் முடிந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. லெஸ்டர் சிகாகோவில் 2015 முதல் 2019 வரை ஆண்டு தவறாமல் முப்பது ஆட்டங்களுக்கு மேல் தொடங்கினார். 2016-இல் பத்தொன்பது வெற்றிகள் பெற்று, 1908-க்குப் பிறகு அந்தக் கழகம் வென்ற முதல் பட்டத்துக்குத் தூணாக நின்றார். ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளில் கை தளர்ந்தது; அதற்குள் கொடுத்த பணத்துக்கு மேல் அவர் ஈட்டித் தந்துவிட்டார்.

பாஸ்டன் தரப்பிலும் சொல்வதற்கு உண்டு. லெஸ்டரை மாற்றிப் பெற்ற யோனிஸ் செஸ்பெடிஸை, மறுபடி மாற்றி ரிக் போர்செல்லோவைப் பெற்றார்கள். போர்செல்லோ 2016-இல் இருபத்திரண்டு வெற்றிகளுடன், தலைசிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார். ஆனால் 2014-லும் 2015-லும் தங்கள் பிரிவில் கடைசி இடத்தைப் பெற்றுவிட்டு, 2015 டிசம்பரில் அவர்கள் ஏழு ஆண்டுகளுக்கு 21.7 கோடி டாலர் கொடுத்து அமர்த்திய டேவிட் பிரைஸுக்கும் அப்போது வயது முப்பது. பிரைஸ் 2018 பட்டத்தில் அருமையாக எறிந்தார் என்பதில் சந்தேகமில்லை. எனினும், நன்கறிந்த முப்பது வயதுக்காரருக்கு மறுத்ததை, அறியாத முப்பது வயதுக்காரருக்கு இரண்டே ஆண்டுகளில் மனமுவந்து கொடுத்த கழகம், விதியைக் கடைப்பிடித்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

தீர்மானிப்பதற்கு அறிவு இருக்கிறது, கடனும் இருக்கிறது, கைக்கு உத்தரவாதம் மட்டும் இல்லை. இம்மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒப்பந்தத்தின் தொகையையும் காலத்தையும் தனித்தனியே நோக்க வேண்டும் என்று புலப்படும். கடனைத் தொகையில் தீர்க்கலாம். காலத்தில் தீர்க்கப் புகுந்தால் கெய்னின் கதை திரும்பும். ஜயண்ட்ஸே இதற்கு ஒரு வழி காட்டியது. 2008, 2009 ஆண்டுகளின் சை யங் விருதுகளை வென்ற டிம் லின்ஸ்கம் நிறம் மங்கிவிட்ட பிறகு, 2013 அக்டோபரில் அவருக்கு இரண்டே ஆண்டுகளுக்கு 3.5 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆட்டத்தின் அளவுகோலில் அது மிகை. 2014-இல் ஒரு ஹிட்டும் கொடுக்காத ஓர் ஆட்டத்தைத் தவிர அவரால் அதிகம் தர இயலவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் கணக்கு முடிந்தது. கழகத்தின் எதிர்காலம் அடகு வைக்கப்படவில்லை.

இதை ஒரு கலையாகவே செய்து காட்டியவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் கழகத்தாரும் கிளேட்டன் கெர்ஷாவும். 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 2008 மே மாதம் களம் புகுந்த கெர்ஷாவுக்கு, இருபத்தைந்து வயதிலேயே, யௌவனத்தின் நடுவிலேயே, ஏழு ஆண்டுகளுக்கு 21.5 கோடி டாலர் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுத்தது இதில் முதன்மையானது. 2014-இல் அவர் இருபத்தொரு வெற்றிகளும் மூன்று தோல்விகளுமாக ஆடி, லீகின் தலைசிறந்த வீரர் என்ற விருதையும் பெற்றார். முதுகு வலி தொடங்கிய பின், 2018-இல் மூன்று ஆண்டுகளுக்கு 9.3 கோடி. முன்கை வலியோடு 2021 முடிந்த பிறகு, ஓராண்டுக்கு 1.7 கோடி, அடுத்து ஓராண்டுக்கு 2 கோடி. 2023 அக்டோபரில் அரிஸோனாவுக்கு எதிராக ஒரே ஒரு பேட்ஸ்மேனை மட்டும் அவுட்டாக்கி, ஆறு ஓட்டங்களைக் கொடுத்துத் தலைகுனிந்து வெளியேறியவர், அடுத்த மாதமே தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அப்போதும் கழகம் கதவை மூடவில்லை. உறுதியான ஊதியத்தை 50 லட்சமாகக் குறைத்து, எறிகிற அளவுக்கு மேற்கொண்டு பெறுமாறு ஏற்பாடு செய்தது. 2024-இல் ஏழே ஆட்டங்கள். 2025-க்கு 75 லட்சமும் ஊக்கத் தொகைகளும். அந்த ஆண்டு, முப்பத்தேழு வயதில், பதினோரு வெற்றிகள், இரண்டே தோல்விகள். ஜூலை 2 அன்று மூவாயிரமாவது ஸ்டிரைக் அவுட். செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். அக்டோபர் வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டத்தில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில், தளங்கள் மூன்றும் எதிரணியால் நிரம்பியிருந்தபோது உள்ளே வந்து, தேவைப்பட்ட அந்த ஓர் அவுட்டை எடுத்துக்கொடுத்தார். பதினெட்டு இன்னிங்ஸ் நீண்ட அந்த ஆட்டத்தை டாட்ஜர்ஸ் வென்றது, பட்டத்தையும் வென்றது.

இந்த ஏற்பாட்டுக்கு வீரரின் பெருந்தன்மையும் வேண்டும். தொகை இறங்கிக்கொண்டே வருவதை அவமானமாகக் கருதாத மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. லெஸ்டரைப்போல் முப்பது வயதில் வலிமையோடு நிற்பவரிடம் ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்டுவது நியாயமும் ஆகாது. அத்தகையவருக்கு நாலைந்து ஆண்டுகளைத் தாராளமான தொகையோடு, அதுவும் சந்தை திறப்பதற்கு முன்பே, கொடுத்துவிட வேண்டும். குறுகிய ஒப்பந்தம் கை தளரத் தொடங்கியவருக்கு உரியது.

டாட்ஜர்ஸ் போன்ற செல்வக் கழகத்துக்கே இது சாத்தியம் என்ற ஆட்சேபத்தைக் கவனிக்காமல் விட முடியாது. கான்ஸஸ் சிட்டி ராயல்ஸ் செல்வக் கழகமன்று. அங்கே வளர்ந்து 2009-இல் சை யங் விருது பெற்ற சாக் கிரெய்ன்கியை 2010-இல் மாற்றிவிட்ட அந்தக் கழகம், 2022-இல், அவருக்கு முப்பத்தெட்டு வயதானபோது, ஓராண்டுக்கு 1.3 கோடி டாலருக்குத் திரும்ப அழைத்தது. முதல் ஆண்டில் அவர் கண்ணியமாகவே எறிந்தார். மறு ஆண்டும் ஓராண்டுக்கே ஒப்பந்தம். அதில் இரண்டு வெற்றி, பதினைந்து தோல்வி. கழகமும் 106 ஆட்டங்களில் தோற்றது. அந்த நஷ்டம் அந்தப் பருவத்தோடு முடிந்தது. அடுத்த குளிர்காலத்தில் சேத் லூகோவையும் மைக்கேல் வாக்காவையும் அமர்த்திக்கொள்ளக் கையில் பணம் இருந்தது. 2024-இல் 86 வெற்றிகளுடன் ராயல்ஸ் அக்டோபர் ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது.